ஓவர்கிளாக்குக்கு ரேம் வாங்குறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

தீபாவளி போனஸ் விழுந்த அடுத்த வாரம் மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்டுல கொரியர் வேன் ஓட்டுறவருக்கு ஓய்வே கிடையாது. பாதி பார்சல் துணிமணி, மீதி பாதி நம்ம பசங்க ஆர்டர் பண்ண கம்ப்யூட்டர் சாமான். அதுல ஓவர்கிளாக் பண்ணலாம்னு (சாதா வேகத்துக்கு மேல ஓட்டலாம்னு) ரேம் வாங்குனவன் மட்டும் ரெண்டே நாள்ல நான் ரிப்பேர் பாக்குற இடத்துக்கு வந்து நிப்பான், "அண்ணே பாக்ஸ்ல 6000ன்னு போட்டிருக்கு, ஓட மாட்டேங்குது"ன்னு. டிடிஆர்3ங்கிற பழைய தலைமுறை ரேம் காலத்துல நாங்க அடிச்ச கூத்த அப்படியே இவனுங்க டிடிஆர்5ல அடிக்கிறானுங்க. ஒரே வித்தியாசம், 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறுன ஏத்தத்துக்கு இப்ப கூத்துக்கு டிக்கெட் விலை ஜாஸ்தி.

எக்ஸ்எம்பி (பாக்ஸ்ல போட்ட வேகத்துல ரேம ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ண மறக்குறது, ஸ்டிக் சரியா உக்காராதது, சிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல 3000ன்னு பார்த்துட்டு ஏமாத்திட்டான்னு கத்துறது (டிடிஆர்னாலே டபுள், ரெண்டால பெருக்குங்கய்யா), இதெல்லாம் எல்லா வீடியோவுலயும் சொல்லிட்டாங்க, விடுங்க.

பாக்ஸ்ல உள்ள பெரிய நம்பர்

பெரிய நம்பர மட்டும் பார்த்து வாங்காதீங்க, பக்கத்துல சின்னதா சிஎல்னு ஒண்ணு இருக்கும், ரேம் பதில் சொல்ல எடுக்குற தாமதம், அதையும் பாருங்க. கணக்கு சுலபம்: சிஎல்ல 2000ஆல பெருக்கி வேகத்தால வகுத்தா நானோசெகண்ட் வந்துரும். 6000 சிஎல்30 போட்டா 10. 6000 சிஎல்40 போட்டா 13.3. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16 போட்டாலும் அதே 10தான். அப்ப டிடிஆர்5 வேஸ்ட்டான்னு கேக்காதீங்க, ஒரே நேரத்துல அள்ளிட்டு வர்ற டேட்டா அதிகம், ஆனா முதல் பதில் வர்ற நேரம் அதேதான்.

இன்னொண்ணு, ப்ராசஸர் என்னன்னு பார்க்காம வேகம் வாங்குறது. ரைசன் 7000 வந்த 2022லேயே 6000தான் நல்ல இடம்னு ஏஎம்டியே சொல்லிருச்சு. அதுக்கு மேல போகப் போக ப்ராசஸருக்குள்ள ரேம மேய்க்கிற மெமரி கன்ட்ரோலர் ரேமோட சமமா ஓட முடியாம பாதி வேகத்துக்கு இறங்கிடும், நீங்க 7200க்குக் காசு குடுத்துட்டு கேம்ல 6000க்காரன் பின்னாடி நிப்பீங்க. இன்டெல் பக்கம் 12ஆவது தலைமுறைல பேரு கடைசில கே எழுத்து இல்லாத ப்ராசஸரா? அதுல மெமரி கன்ட்ரோலருக்குப் போற எஸ்ஏ வோல்டேஜ் பூட்டி வச்சிருக்கான், டிடிஆர்4 போட்டா கியர் 1ல (கன்ட்ரோலரும் ரேமும் சம வேகம்) 3600 தாண்டுறது பெரும்பாடு, 4000 கிட் வாங்கி என்ன பண்ணப் போறீங்க? 7800எக்ஸ்3டி மாதிரி பெரிய கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்குற குட்டி மெமரி) உள்ளது வச்சிருந்தா இன்னும் மோசம், ரேம்ல கொட்டுற காசு பெருசா தெரியவே தெரியாது.

ரெண்டாவது செட்

இதப் பத்தி எழுதணும்னுதான் உக்காந்தேன்.

நம்ம ஊர்ல எல்லாத்தையும் தவணைலதான் வாங்குவோம். சம்பளத்துல பாதி வீட்டுக்குப் போயிடுது, மோட்டார் லோன் ஒரு பக்கம், அதனால "இப்ப 32 ஜிபி வாங்கிக்கிறேன் அண்ணே, போனஸ் வந்ததும் இன்னொரு 32 சேர்த்துக்கிறேன்"ன்னு ஒரு திட்டம் போடுவானுங்க. ஃப்ரிட்ஜுக்கு சரி, சோபாவுக்கு சரி. ஓவர்கிளாக் பண்ணப் போற ரேமுக்கு அந்தத் திட்டம் ஆகாது.

செம்பனை எண்ணெய் மில்லுல வேலை செய்ற ஒரு தம்பி. ரைசன் 7600, பி650 போர்டு, ரெண்டு 16 ஜிபி ஸ்டிக், 6000 சிஎல்36. எக்ஸ்போ (ஏஎம்டியோட எக்ஸ்எம்பி) ஆன் பண்ணி ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிட்டிருந்துச்சு. போனஸ் வந்துச்சு. ஈப்போல ஒரு கடைல போய் அதே பேரு, அதே நம்பர், அதே கறுப்புக் கலர் செட் இன்னொண்ணு வாங்குனான். கடைக்காரர் "சேம் சேம் லா போஸ்"னு சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து நாலையும் போட்டான், ஸ்க்ரீன் கருப்பு. பயந்து ஸ்விட்ச அடிச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஆஃப் பண்ணி, கடைசியா எப்படியோ ஏறிச்சு, பார்த்தா 3600ல ஓடுது. எக்ஸ்போ ஆன் பண்ணா மறுபடி கருப்பு.

என்கிட்ட கொண்டு வந்தப்போ சிபியு-இசட்ட தொறந்து ரேம் விவரம் காட்டுற எஸ்பிடி டேப்ல ஸ்லாட்ட ஒவ்வொண்ணா மாத்திக் காட்டுனேன். பழைய ரெண்டுலயும் டிராம் (மெமரி சிப்பு) செஞ்சது எஸ்கே ஹைனிக்ஸ். புதுசு ரெண்டுலயும் சாம்சங். வெளிய ஸ்டிக்கர் ஒரு எழுத்து மாறல, உள்ள சிப்பு கம்பெனியே வேற. ரேம் விக்கிற பிராண்டுல ரொம்பப் பேரு சிப்பு செய்றதில்ல, சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் இவங்ககிட்ட அந்த நேரத்துல கிடைக்குறத வாங்கி ஒட்டி, பாக்ஸ்ல போட்ட வேகத்துல ஓடுதான்னு பார்த்து விக்கிறாங்க. சிப்பு மாறுச்சுன்னு அவங்க உங்களுக்குச் சொல்லணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. பாக்ஸ்ல போட்டது 6000 சிஎல்36, அது அந்த ரெண்டு ஸ்டிக்குக்கு மட்டும் குடுத்த வாக்கு. இன்னொரு பாக்ஸோட சேர்த்து ஓடும்னு யாரும் எங்கயும் சொல்லல.

சரி, ஒரே சிப்பே கிடைச்சாலும் தப்பிச்சீங்களா? இல்ல. ரைசன் 7000க்கு ஏஎம்டி எழுதி வச்ச வேகம் ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600. அந்தத் தம்பிக்கு 3600ல ஏறுனது ரிப்பேர் இல்ல, அதுதான் சட்டம். இப்ப வர்ற போர்டுல முக்கால்வாசி, நாலு ஸ்லாட் இருந்தாலும் ப்ராசஸர்ல இருந்து எண்ணுனா 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டுக்குத்தான் லைன் சுத்தமா போகும், அந்த லைனுக்கு நடுவுல உள்ள 1ஆவது, 3ஆவதுல ஸ்டிக்க செருகுனா சிக்னல் அங்க மோதித் திரும்பி வந்து குழப்பும். நாலு மாட்ட ஒரே வண்டில கட்டுனா சண்டி மாடு போற வேகம்தான் வண்டிக்கு.

இதுல எனக்கு இன்னைக்கும் எரிச்சல் எதுல தெரியுமா? அவன் கம்ப்யூட்டர்ல டாஸ்க் மேனேஜர் தொறந்து கேம் ஓட விட்டுப் பார்த்தேன், 32ல பாதி கூட நிரம்பல. தேவையே இல்லாத ரேம வாங்கி, இருந்த வேகத்தையும் தொலைச்சிட்டு, பிரிச்ச பாக்ஸ கடைல திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பழைய செட்ட மட்டும் வச்சுக்கிட்டு புதுச நட்டத்துக்குத் தள்ளி விட்டோம். மாசத்துக்கு ஒருத்தனாவது இதே கதையோட வர்றான், "பேரு ஒண்ணுதானே அண்ணே"ங்கிற அதே வசனத்தோட.

64 வேணும்னு உறுதியா தெரிஞ்சா முதல்லயே 32 ரெண்டு உள்ள ஒரே கிட் வாங்குங்க. காசு பத்தலையா, இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க, இல்ல இருக்குறத வித்துட்டு மொத்தமா மாத்துங்க. 24 ஜிபி ரெண்டு போட்ட 48 ஜிபி கிட்டும் இருக்கு, ஸ்டிக்குக்கு ஒரே ரேங்க் (சிப்பு வரிசை ஒண்ணுதான்), கன்ட்ரோலருக்கு பாரம் கம்மி, ஓவர்கிளாக் பண்றவனுக்கு ரொம்பப் பேரு யோசிக்காத நல்ல வழி. அப்புறம், புது ரேம் போட்டு முதல்தடவ ஆன் பண்றப்போ கருப்பு ஸ்க்ரீன் சில நிமிசம் நிக்கும், போர்டு ரேம ட்ரெய்னிங் பண்ணிட்டு (அதுக்குத் தோதான செட்டிங்கத் தேடிட்டு) இருக்கு. ஸ்விட்சுல கை வைக்காதீங்க, போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க.

எச்610 போர்டு

இன்டெல் ப்ராசஸருக்கு வர்ற மலிவு போர்டு, மெமரி ஓவர்கிளாக் அதுல கிடையாது. அடுத்தது.

சிப்பு தெரியாம செகண்ட் ஹேண்ட் வாங்குறது

டிடிஆர்4 இன்னும் வச்சிருக்குறவங்களுக்கு இது. சாம்சங் பி-டைன்னு ஒரு சிப்பு, வோல்டேஜ் ஏத்த ஏத்த டைமிங் (சிஎல் மாதிரி தாமத நம்பருங்க) இறங்கும், அதுக்குத்தான் அவ்வளவு பேரு. 2019லேயே நிறுத்துறோம்னு சொல்லிட்டாங்க, அதனால இப்ப தேடுறது எல்லாம் பழசுல. விக்கிறவன் "பி-டை போஸ்"னு சொல்றதெல்லாம் கணக்குல எடுக்காதீங்க, ஸ்டிக்கர் படம் கேளுங்க. 3200ல 14-14-14, 3600ல 16-16-16, இப்படி மூணு நம்பரும் ஒண்ணா நின்னா நம்பலாம். 3600ல 18-22-22ன்னு பின்னாடி ரெண்டும் பெருத்துக் கிடந்தா அது வேற சிப்பு, பி-டை விலை குடுக்காதீங்க. சில பிராண்டுல ஸ்டிக்கர்லயே வெர்ஷன் நம்பர் இருக்கும், கோர்சேர்ல முதல் எண் 3னா மைக்ரான், 4னா சாம்சங், 5னா ஹைனிக்ஸ்.

டிடிஆர்5ல இவ்வளவு தலைவலி வேணாம், 6000 சிஎல்30 வாங்கிட்டா பெரும்பாலும் ஹைனிக்ஸ்தான்.

ராத்திரி டெஸ்ட் பண்ணி பாஸ்னு சொல்றது

ராத்திரி பன்னெண்டு மணிக்கு மழை பெஞ்சு ஜில்லுனு இருக்குறப்போ மெம்டெஸ்ட்86ங்கிற ரேம் டெஸ்ட் ஓட விட்டு "எரர் இல்ல"ன்னு ஸ்க்ரீன்ஷாட் போடுவான். மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி, தகரக் கூரைக்குக் கீழ ஏர்கோன் இல்லாத ரூம், கிராஃபிக்ஸ் கார்டு மூச்சு விடுற சூடு நேரா ரேம் மேல, கேம் க்ராஷ். டிடிஆர்5ல பவர் சிப்பும் ஸ்டிக்குலயே இருக்கு, அதுவும் தன் பங்குக்குச் சூடு போடும். இறுக்குன டைமிங்ல ஓடுற பி-டை 50 டிகிரி தாண்டுனாலே எரர் விட ஆரம்பிச்சிடும்.

அதனால டெஸ்ட் பண்ணா மத்தியானத்துல பண்ணுங்க, கூடவே கேமையும் கொஞ்ச நேரம் ஓட விட்டு கேஸ சூடாக்கிட்டுப் பண்ணுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான். ரேம் எரர் உடனே ப்ளூ ஸ்க்ரீன் காட்டும்னு இல்ல, சத்தமில்லாம ஃபைல அரிக்கும், தங்கச்சி கல்யாண போட்டோ தொறக்கலன்னு ஒருத்தர் வந்தப்போதான் பல பேருக்கு இது உறைச்சுது. டிடிஆர்5ல ஈசிசி (தப்பத் திருத்துற வசதி) இருக்கேன்னு சொல்றவங்களுக்கு, அது சிப்புக்குள்ள மட்டும், சிப்புக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல ஆகுற தப்ப அது பார்க்காது.

ஆர்ஜிபி

வெளிச்சம் வேகம் குடுக்காது. ப்ராசஸர் மேல ஏர் கூலர் வச்சிருந்தா ரேம் உயரத்த அளந்துட்டு வாங்குங்க.

வாரண்டி

ரேமுக்கு நிறைய பிராண்டு ஆயுள் வாரண்டி தரும், ஆனா ஒரு ஸ்டிக் செத்தாலும் கிட்ட முழுசா அனுப்பச் சொல்லுவாங்க. பாக்ஸையும் ரசீதையும் தூக்கிப் போடாதீங்க, சீரியல் நம்பர ஃபோன்ல படம் எடுத்து வைங்க. நான் சொன்னத கேக்காம ரெண்டு செட் கலந்து போட்டவங்க, எது எதோட ஜோடின்னு இப்பவே மார்க்கர்ல எழுதிடுங்க.