‘வரலாற்றில் இன்று’ எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மதுரையில் எங்கள் தெருப் படிப்பக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மேலே தேதி, அதன்கீழே ஒரு குறள், கடைசியில் ‘இன்று’ என்று போட்டு இரண்டு மூன்று வரி. சில வருடங்களாக அதை நான்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்துவிடுகிறார்கள். அதனால் ஒரு தேதி தப்பாகப் போனால் அது ஐந்நூறு பிள்ளைகள் காதில் விழுகிறது. வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே எடுத்துப் போடுகிறவர்களுக்கும் இதே பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

எழுத ஆரம்பித்த வருடம், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், சர் சி.வி. ராமன் பிறந்தநாள் என்று எழுதிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாயங்காலம் வந்து, “அண்ணே, ராமன் பிறந்தது நவம்பர் 7” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7. பிப்ரவரி 28 என்பது 1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்ததற்கான நாள். மறுநாள் பலகையில் அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் திருத்தத்தை எழுதினேன். ஒரு தினம் என்றாலே யாரோ ஒருவருடைய பிறந்தநாளாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அதுதான் முதல் தவறு.

‘உலக’ என்ற சொல்லையும் சும்மா ஒட்டாதீர்கள். செப்டம்பர் 5 நம் நாட்டின் ஆசிரியர் தினம், உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5. நவம்பர் 14 நேரு பிறந்தநாள், நம் குழந்தைகள் தினம். உலகக் குழந்தைகள் தினம் நவம்பர் 20.

வேடிக்கையான தினங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் ‘ஐ.நா. அறிவித்தது’ என்று சேர்த்துவிடுகிறார்கள். சர்வதேச தேநீர் தினம் மே 21 என்பது உண்மையிலேயே ஐ.நா. அறிவித்தது, அதற்கு முன்பு தேயிலை விளையும் நாடுகள் டிசம்பர் 15-ல் கொண்டாடி வந்தன, அதனால்தான் இரண்டு தேதியும் சுற்றுகின்றன. மார்ச் 30 இட்லி தினமோ சென்னையில் இட்லித் தொழிலில் இருப்பவர் 2015-ல் தொடங்கியது. அதைத் தாராளமாக எழுதலாம், விடியும் முன்னே இட்லிக் கொப்பரை ஏறுகிற ஊர் நம்முடையது. யார் தொடங்கியது என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.

அடுத்தது, நம் ஊர்க்காரர்களே செய்யும் தவறு. போன வருடப் பலகையைப் பார்த்து இந்த வருடமும் அதே ஆங்கிலத் தேதியில் திருவிழாவை எழுதுவது. கள்ளழகர் வைகையில் இறங்கியது 2022-ல் ஏப்ரல் 16, 2023-ல் மே 5, 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. சித்திரா பௌர்ணமியை ஒட்டி வருகிற நிகழ்ச்சி அது, நிலாவுக்கு ஆங்கில மாதம் தெரியாது. ஜல்லிக்கட்டும் அப்படித்தான். தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர் என்பது வழக்கம், ஆனால் தை பிறப்பது ஒரு வருடம் ஜனவரி 14, இன்னொரு வருடம் 15. 2025-ல் ஜனவரி 16 அன்று அலங்காநல்லூர் என்றால், 2024-ல் அதே தேதியில் பாலமேடு. ஆகவே இவற்றுக்கெல்லாம் தமிழ்த் தேதியையும் திதியையும் எழுதிவிட்டு, அந்த வருடத்து ஆங்கிலத் தேதியை நாள்காட்டியில் பார்த்துச் சேருங்கள்.

நள்ளிரவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாரதி 1904-ல் இங்கே சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சில மாதம் வேலை பார்த்தவர் என்பதால், அவர் நினைவுநாள் வந்தாலே எங்கள் படிப்பகத்தில் வாக்குவாதம்தான், 11-ஆ 12-ஆ என்று. அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகு. கடிகாரக் கணக்குக்கு அது 12. விடிந்தால்தான் அடுத்த நாள் என்கிற நம் வழக்கப்படி 11. அரசு மகாகவி நாளாகக் கடைப்பிடிப்பது செப்டம்பர் 11. இதில் ஒன்றைப் போட்டு மற்றதைத் தப்பு என்று அடிக்காமல், காரணத்தை ஒரு வரியில் சொன்னால் சண்டையே வராது.

நேர வித்தியாசமும் இதே மாதிரிதான். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை 20 என்பது அமெரிக்காவின் தேதி. நமக்கு அது ஜூலை 21 திங்கட்கிழமை காலை எட்டரை மணிவாக்கு, அதாவது பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம்.

பழைய ஐரோப்பியத் தேதிகளைத் தொடும்போது எந்த நாள்காட்டி என்று பாருங்கள். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-ல் ஒரே நாளில் இறந்தார்கள் என்று புத்தக தினத்துக்குத் தவறாமல் வரும். ஸ்பெயின் அப்போதே புது நாள்காட்டிக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து மாறியது 1752-ல்தான். ஆக, அன்றைக்கு இரண்டு நாட்டு ஏப்ரல் 23-க்கும் நடுவில் பத்து நாள் இடைவெளி.

அப்புறம், முடிவெடுத்த நாளும் அது நடைமுறைக்கு வந்த நாளும் வேறு வேறு. தமிழ்நாடு என்று பெயர் மாற்றச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, மொழிவாரி மாநிலமாக எல்லை பிரிந்ததோ 1956 நவம்பர் 1. மூன்றையும் கலந்து ‘தமிழ்நாடு உருவான நாள்’ என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, மூன்றுக்கும் பின்னால் தனித்தனிப் போராட்டம் இருக்கிறது.

எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது வேறு. எங்கிருந்தோ வரும் பட்டியலை நம்பி நம் ஊரை விட்டுவிடுவது. செப்டம்பர் 22 என்று தேடினால் கார் இல்லா தினம் என்று வரும். 1921-ல் அதே நாளில்தான், மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி அரையாடைக்கு மாறினார். அந்த உடையில் அவர் முதன்முதலாக மக்கள் முன்னால் வந்த இடத்துக்கு இன்றைக்கும் காந்திப் பொட்டல் என்றுதான் பெயர், தினமும் ஷேர் ஆட்டோவில் அதைத் தாண்டிப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அதுவரை மூடியிருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். 1895 அக்டோபர் 10 பெரியாறு அணை திறந்த நாள், மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் வந்த கதை அதில்தான் தொடங்குகிறது. செப்டம்பர் 16 எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தநாள், 1916-ல், இதே ஊரில்.

தேதி உறுதியாகக் கிடைக்கவில்லையா, வருடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை அமைத்தது 1901-ல். எங்கள் பலகையில் அது அப்படியேதான் எழுதப்படுகிறது, நாள் மாதம் இல்லாமல்.