மலையகக் குளிரில் ஷாம்பு கட்டிக்கு மாறுவது எப்படி

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காது. வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அது உறையும். ஷாம்பு கட்டிக்கு மாறியவர்கள் “தலை மெழுகு பூசின மாதிரி இருக்கு” என்று கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். எண்ணெய் வைத்த தலையில் பீலித் தண்ணீரைச் சில்லென்று ஊற்றினால் எண்ணெய் முடியோடு உறைந்து நின்றுவிடும். அதன்மேல் எந்தக் கட்டியைத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

ஆகவே முதலில் சுடுதண்ணீர். 2 லீற்றர் கொதிநீருக்கு 5 லீற்றர் பச்சைத்தண்ணீர் கலந்தால் உடற்சூடு வரும். இடுப்பளவு கூந்தலுக்கு இதுபோல் இரண்டு பங்கு வேண்டும்.

கட்டி வாங்கும்போது சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். ‘சோடியம் கொக்கோயில் ஐசெதியோனேட்’ முன்வரிசையில் இருந்தால் அது ஷாம்பு. முடிக்கு ஏற்ற இலேசான அமிலத் தன்மையோடு செய்ய முடியும். ‘சோடியம் பாமேட்’, ‘சோடியம் கொக்கோயேட்’ என்றிருந்தால், பெயர் எதுவானாலும் அது சவர்க்காரம். அதன் காரத்தன்மை முடியின் செதில்களை விரியவைக்கும், சிக்கு விழும். முதல் வகையையே வாங்குங்கள். சவர்க்கார வகைதான் கையில் இருந்தால், கழுவிய பிறகு 1 லீற்றர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி தென்னை வினாகிரி கலந்து தலையில் ஊற்றி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். அதற்குப் பதில் தேசிக்காய்ச் சாறு வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகும்.

முடி அடிவரை நனைந்த பிறகே கட்டியை எடுக்க வேண்டும். ஈரக் கையில் ஏழெட்டுத் தரம் உருட்டி, நுரையை விரல் நுனியால் தலைத்தோலில் தேய்க்கவும். கட்டியை நேரே தேய்ப்பதானால் வேரிலிருந்து நுனி நோக்கி மட்டும். வட்டமாகத் தேய்த்தால் முடி சிக்காகும். கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்துகிற உச்சியில் முடி ஏற்கெனவே இழுபட்டிருக்கும். அங்கே நுரை மட்டும் போதும். எண்ணெய்த் தலைக்கு இரண்டு முறை. முதல் முறை நுரை வராவிட்டால் கட்டியைக் குறைசொல்லாதீர்கள், எண்ணெய்தான் நுரையை அமுக்குகிறது. அலசிவிட்டு மறுபடி போடுங்கள்.

கண்டிஷனர் கட்டி இன்னும் சூடு கேட்கும். அதில் இருப்பது சீட்டைல் அற்ககோல் போன்ற கொழுப்பு மெழுகு. (பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், இது முடியை உலரவைக்கும் அற்ககோல் அல்ல.) குளிர்த்தண்ணீரில் கல்லாக இருக்கும், முடியில் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் பத்து விநாடி முக்கி எடுத்தால் மேற்பரப்பு குழைந்து வரும். முடியைப் பிழிந்து, காதுக்குக் கீழே நுனி வரை நாலைந்து இழுப்பு. தலைத்தோலில் படவே கூடாது. பல் அகன்ற சீப்பால் வாரி, இரண்டு நிமிடம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசவும். விரலுக்கு இடையில் இன்னும் வழவழவென்று தடித்திருந்தால் மீண்டும் அலச வேண்டும்.

அடுத்தது காயவைப்பது. ஹட்டன், மஸ்கெலியாவில் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமுமாக இருக்கும்போது குளியலறையில் வைத்த கட்டி காயவே காயாது, களியாகிக் கரைந்துவிடும். அதனால் வாங்கிய அன்றே சூடாக்கிய கத்தியால் கட்டியை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியைக் காகிதத்தில் சுற்றி அலுமாரியில் வையுங்கள்; பொலித்தீனில் சுற்றினால் வியர்க்கும். மறு பாதிக்கு மூங்கில் சிம்பு அடுக்கிய தட்டோ ஓட்டைத் தட்டோ போதும். குளித்ததும் உதறி, அடுப்படித் தட்டில் நெருப்பிலிருந்து ஒரு கை தள்ளி வைக்கலாம். அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் கண்டிஷனர் உருகும், இரண்டிலும் புகை மணம் ஏறும். மூடி போட்ட டின்னில் வைப்பதானால் தொட்டால் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான்.

கடைசியில் மிஞ்சும் சிறு துண்டை எறிய வேண்டாம். துண்டையும் புதுக் கட்டியையும் நனைத்து, கட்டியின் முதுகில் துண்டை அழுத்தி ஓர் இரவு விட்டால் ஒட்டிக்கொள்ளும்.