சினிமாக் காதல் பாட்டைப் பிரார்த்தனையாகக் கேட்க

தத்துவப் பாட்டில் தொடங்க வேண்டாம். அதில் முடிவைக் கவிஞரே சொல்லிவிடுவதால், கேட்பவருக்குத் தேட எதுவும் மிஞ்சாது. பிரிவில் ஏங்கும் காதல் பாட்டாக ஒன்றை எடுங்கள். கூச்சம் தேவையில்லை. மாணிக்கவாசகர் சிவன்மேல் பாடிய திருக்கோவையாரின் 400 பாட்டும் அகத்துறைதான், அதாவது காதல் பாட்டுதான். நம்மாழ்வார் திருமாலுக்காகத் தலைவியாக நின்று ஏங்கினார், சூஃபி கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனைக் காதலியாக்கி 'மனோன்மணி' என்று அழைத்தார், விவிலியத்துக்குள்ளேயே உன்னதப்பாட்டு என்ற காதல் பாட்டு இருக்கிறது.

முதலில் பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, வரிகளைக் கையால் எழுதுங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் பிழைகள் அதிகம். தவிர, மெட்டில் மறைந்துபோன சொல் எழுதும்போதுதான் பிடிபடும். பிறகு 'நீ', 'உன்', 'வா' வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். அந்த 'நீ' உங்களுக்கு என்ன உறவு? பாரதி கண்ணன் பாட்டில் தோழன், தாய், சேவகன், குழந்தை, காதலி என்று உறவை மாற்றி மாற்றிப் பார்த்தார். நீங்கள் ஒன்றைத் தேர்ந்து ஒரு வாரம் அதிலேயே நில்லுங்கள்.

தினம் ஒரு தடவை போதும். அடுத்தடுத்துப் பத்துத் தடவை ஓடவிட்டால் சொல் தேய்ந்து மெட்டு மட்டும் நிற்கும். பல்லவி திரும்பும் ஒவ்வொரு முறையும் கவனியுங்கள்: முதலில் வெறும் அழைப்பாக இருந்தது, சரணத்தின் முறையீட்டைக் கேட்டபின் வேறு கனத்தோடு வரும். இந்தப் பயிற்சியின் உயிர் அங்கேதான். சரணத்துக்கு முன்வரும் இடையிசையில் வாக்கியம் எதுவும் கோக்காதீர்கள். யாருக்காக வேண்டுகிறீர்களோ அவர் பெயரை மட்டும் நினையுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது நடிகர் முகம். காணொளியைத் தவிர்த்து ஒலியை மட்டும் கேளுங்கள். நீங்கள் பார்க்காத படத்தின் பாட்டென்றால் இன்னும் நல்லது. விளம்பரம் குறுக்கிடாமலிருக்க முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். உடல் வருணனை பொருந்தவில்லையா, அந்தச் சரணத்தை விட்டுவிடலாம். ஒவ்வொரு உவமைக்கும் உட்பொருள் தேடினால் அது விடுகதை அவிழ்ப்பதாகிவிடும், பிரார்த்தனை நின்றுபோகும்.

கண்ணீர் வந்தாலே பக்தி என்று கொள்ள வேண்டாம். பாட்டோடு ஒட்டிய பழைய நினைவாகவும் இருக்கலாம். வார முடிவில் பாட்டைப் போடாமல் இரண்டு நிமிடம் அமருங்கள். பிறகு பல்லவியை ராகமில்லாமல், எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் ஒருமுறை சொல்லுங்கள். மெட்டின் துணையில்லாமலும் அந்த வரி உங்கள் சொந்த வேண்டுதலாக ஒலித்தால் அடுத்த வாரமும் அதே பாட்டைத் தொடரலாம். இல்லையென்றால் வேறு பாட்டை எடுங்கள்.