பிராந்திய வர்த்தக உடன்படிக்கை: விடைத்தாளில் சறுக்கும் இடங்கள்

கிளிநொச்சியில் ஒரு தகரக் கொட்டகையில் உயர்தரப் பொருளியல் வகுப்பு எடுக்கிறேன். "நாடுகள் ஏன் பிராந்திய வர்த்தக உடன்படிக்கைகளில் சேர்கின்றன?" என்ற கேள்விக்கு வந்த விடைகளை நேற்றிரவு திருத்தினேன். பாதிக்கு மேல் நானே ஒரு காலத்தில் எழுதிய பிழைகள். ஆண்டு மாறுவதையும், சாப்டாவையும் (தெற்காசிய முன்னுரிமை வர்த்தக உடன்படிக்கை) சாஃப்டாவையும் (தெற்காசிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை) குழப்புவதையும் விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

அயல் என்றாலே உடன்படிக்கை

"பக்கத்து நாடுகள், போக்குவரத்துச் செலவு குறைவு, ஆகவே சேர்கின்றன." முதல் வரி இப்படி விழுந்தால் மீதிப் பக்கம் முழுவதும் லொறிக் கூலியிலேயே ஓடிவிடுகிறது. இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான், ஏனென்றால் முதல் வருடம் இதைக் கொப்பியில் எழுதச் சொன்னவனே நான். பின்வாங்கில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "சேர், அப்படியென்றால் இந்தியாவும் பாகிஸ்தானும்?" நான் வெண்கட்டி தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

அவன் கேட்டது சரி. சாஃப்டா 2004 இல் இஸ்லாமாபாத்தில் கைச்சாத்தாகி 2006 இல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தமக்குள் நடப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான். அருகில் இருப்பது செலவைக் குறைக்கும். பேனாவை எடுக்க வைக்காது. அதற்கு வேறு உந்துதல் வேண்டும்.

1951 இல் பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் வேறு நான்கு நாடுகளும் நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைத்தன. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பீரங்கி வார்க்க முடியாதபடி செய்வதே அதன் உள்நோக்கம். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் வர்த்தகப் பேச்சுகள் பொருள் பொருளாக ஊர்ந்தபோது கொழும்பும் டில்லியும் காத்திருக்கவில்லை. 1998 டிசம்பரில் தனியே கையெழுத்திட்டன, 2000 மார்ச்சில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. மெக்சிக்கோவுக்கு நாஃப்டா (அமெரிக்கா, கனடாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை), தன் சீர்திருத்தங்களை அடுத்த அரசு கலைத்துவிடாது என்று முதலீட்டாளருக்குக் காட்டிய பூட்டு. சில நாடுகளைச் சேரவைப்பது வெளியே தனித்து நின்றுவிடுவோமோ என்ற பயம். 2019 இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக உடன்படிக்கைப் பேச்சிலிருந்து இந்தியாவை விலகவைத்ததும் ஒரு பயம்தான்: சீனப் பொருட்கள், பால் பண்ணையாளர்கள்.

ஆக, யாருக்கு என்ன தேவைப்பட்டது என்று முதலில் எழுதுங்கள். வரைபடத்தைப் பிறகு பார்க்கலாம்.

"அரசு விரும்பியது"

எந்த அரசு, யாருக்காக? உழுந்து அறுவடைக் காலத்தில் வன்னி முற்றங்களில் படங்கு விரித்துக் காயவைத்திருப்பார்கள். அந்தப் படங்குக்குப் பக்கத்தில் நின்று, இறக்குமதித் தீர்வையைக் குறைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதே வீட்டு மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தால் வெளிச்சந்தை திறக்க வேண்டும் என்பாள். ஒவ்வொரு உடன்படிக்கையிலும் தீர்வை குறைக்கப்படாத பொருட்களின் விலக்குப் பட்டியல் நீள்வது இதனால்தான்.

கையெழுத்தானதும் தீர்வை போய்விடும்

போகாது. இந்திய-இலங்கை உடன்படிக்கையில் தீர்வைச் சலுகை பெற, ஏற்றுமதிப் பொருளில் பொதுவாக 35 சதவீதம் உள்நாட்டுப் பெறுமதி சேர்ந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றிதழும் வேண்டும்.

உலக வர்த்தக அமைப்பின் விதிக்கு முரண்

இல்லை. அந்த விதிகளில் ஒன்றான காட் (தீர்வை, வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கை) தன் 24 ஆம் உறுப்புரையில் இவற்றை நிபந்தனையோடு அனுமதிக்கிறது.

முடிவில் "ஆகவே உலகமயமாதல்…"

வேண்டாம்.