கருப்பட்டி, உப்பு, தொதல்: ஒருநாள் பயணத்தில் செய்யக்கூடாத தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கம் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் பனை விடிலி, வாலிநோக்கத்தில் உப்பளம், கீழக்கரையில் தொதல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு. மூன்றையும் ஒரே நாளில் குடும்பத்தோடு பார்த்துவிடலாம். சுவரும் நுழைவுச்சீட்டும் இல்லாத உணவு அருங்காட்சியகம்தான் இது. ஆனால் அது திறக்கும் நேரத்தைப் பனையும் வெயிலும்தான் முடிவு செய்கின்றன.

பள்ளி விடுமுறை என்று மே மாதம் கிளம்புவது முதல் தவறு. பதநீரும் உப்பும் அப்போது உண்டு, மீன் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நாட்டுப்படகு மீன் மட்டுமே கரைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை இன்னும் மோசம்: பதநீர் இருக்காது, உப்புப் பாத்தியில் மழைநீர் நிற்கும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் 14க்குள் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் எல்லாம் கூடிவரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற குண்டு மிளகாயும் அந்தச் சமயம் களங்களில் காய்ந்துகொண்டிருக்கும்.

அடுத்தது, பத்து மணிக்குச் சாவகாசமாக விடிலிக்குப் போவது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால்தான் பதநீர் கள்ளாகாமல் நிற்கிறது. அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். அதனால் விடியலில் இறக்கியதை உடனே காய்ச்சத் தொடங்கிவிடுவார்கள். ஏழு மணிக்குள் போனால் பனையோலைப் பட்டையில் பதநீர் குடிக்கலாம், கொதித்துச் சுண்டுவதையும் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவதையும் பார்க்கலாம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் தேவை என்பதை நேரில் பார்த்தவர்கள் பிறகு விலை பேச மாட்டார்கள். கொதிக்கும் பாகு தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகளை அடுப்புக்கு நாலடி தள்ளியே நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் பதநீரைச் சொம்பு சொம்பாகக் கொடுக்கவும் வேண்டாம், வயிறு இளகிவிடும். மீதிப் பதநீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி எடுத்துப் போனால், வெயிலில் புளித்து வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். கருப்பட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினாலும் வியர்த்துப் பிசுபிசுக்கும். ஓலைக் கொட்டானே நல்லது.

உப்பளத்தில் பிள்ளைகளை வரப்பின் மேல் ஓடவிடுவதுதான் பெரிய தொந்தரவு. வரப்பு உடைந்தால் அடுத்த பாத்தி நீர் கலந்துவிடும், சேறு விழுந்தால் உப்பு அழுக்காகும். உப்புநீரின் அடர்த்தியைப் பாமே என்ற அளவில் சொல்வார்கள்; கடல்நீர் சுமார் 3 பாமே இருக்கும். பாத்தி பாத்தியாக மாறி 25ஐத் தொட்டதும் உப்பு படியும். 29, 30 வரை விட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும் என்பதால் அதற்குமுன் நீரை வடித்துவிடுவார்கள். இந்தக் கணக்கு தெரியாமல் பார்த்தால் எல்லாப் பாத்தியும் ஒன்றுபோல்தான் தோன்றும். முன்அனுமதி கேட்டுவிட்டு, ஒன்பது மணிக்குள் போய்ப் பதினொன்றுக்குள் திரும்புங்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எரியும். அங்கே கிடைக்கும் கல்லுப்பு அயோடின் சேராதது: ஊறுகாய்க்கு வாங்கலாம், தினச் சமையலுக்கு அதையே நம்பாதீர்கள்.

கருவாடு வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தாலோ சிவப்புப் புள்ளி இருந்தாலோ விட்டுவிடுங்கள். யாராவது கடல் அட்டையை நீட்டினால் கையே வைக்காதீர்கள். 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர் அது. பவளத்துண்டு பொறுக்குவதும் குற்றம்தான்.

இதே நாளில் மண்டபம், ராமேசுவரத்தையும் சேர்க்காதீர்கள். ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி ஒரு திசை, மண்டபம் எதிர்த் திசை.

கீழக்கரைத் தொதலைக் கடைசியில் வாங்குங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டம். மதிய வெயிலில் கார் டிக்கியில் கிடந்தால் எண்ணெய் கசிந்து காறல் வாடை வந்துவிடும்.