குட்டிப் பசங்களுக்கு செஸ்: முதல்ல சிப்பாய் மட்டும் போதும்

நாலு வயசுப் புள்ளைக்கு செஸ் சொல்லித் தரப் போறீங்கன்னா, முதல் நாளே 32 காயையும் போர்டுல அடுக்கி வைக்காதீங்க. இது இப்படிப் போகும், அது அப்படிப் போகும்னு ஒரே மூச்சுல சொன்னீங்கன்னா ரெண்டாவது காய் வர்றதுக்குள்ள புள்ள குதிரையைத் தூக்கிட்டு ஓடிடும்.

இந்தப் பக்கம் 8 சிப்பாய், அந்தப் பக்கம் 8 சிப்பாய், வேற எதுவும் வேணாம். யாரோட சிப்பாய் முதல்ல அந்தக் கடைசி வரிசைக்குப் போகுதோ அவங்கதான் வின்னர். இதுலயே பல நாள் ஓடும், ஓடட்டும். நேரா நடக்கும் ஆனா சாய்வாதான் வெட்டும், இதுதான் சின்னப் பசங்களை ரொம்பக் குழப்புறது, ரெண்டு சிப்பாய் நேருக்கு நேர் முட்டிக்கிட்டு நின்னா புள்ள எதிர்ல இருக்கறதைத்தான் வெட்டப் போகும். திட்டாதீங்க. ஒவ்வொரு மூவுக்கும் முன்னாடி அந்த ரெண்டு சாய்வுக் கட்டத்தையும் விரலால தொட்டுக் காட்டச் சொல்லுங்க, அங்க ஆள் இருந்தாலும் இல்லாட்டியும்.

அடுத்து யானை, முன்ன பின்ன பக்கவாட்டுல நேரா மட்டும் போறது. நகராத சிப்பாய் ஒரு ஆறேழு அங்கங்க வச்சுட்டு, எல்லாத்தையும் காலி பண்ணுன்னு விட்டுடுங்க. அப்புறம் பிஷப், சாய்வா மட்டும் போறது. ராணி இந்த ரெண்டும் சேர்ந்ததுதான், அதுக்குத் தனிப்பாடம் தேவையே இல்ல.

குதிரைக்குக் கொஞ்சம் பொறுமை வேணும். எல் எழுத்தே தெரியாத புள்ளைகிட்ட எல் ஷேப்னு சொல்லி என்ன பிரயோஜனம்? குதிரையை நடுவுல வச்சு, அது போகக்கூடிய 8 கட்டத்துலயும் ஒவ்வொரு பட்டன் வைங்க, ரெண்டு நேரா ஒண்ணு பக்கத்துலன்னு சொல்லிக்கிட்டே போய் எடுக்கட்டும். அப்புறம் மூலைக்குத் தள்ளிப் பாருங்க, 2 பட்டன்தான் வைக்க முடியும். கறுப்புக் கட்டத்துல இருந்து கிளம்பினா வெள்ளையிலதான் இறங்கும், இது புரிஞ்சிடுச்சுன்னா தப்பா வச்சாலும் புள்ளையே திருத்திக்கும். (பட்டனை வாயில போடுற வயசுன்னா கலர் பேப்பர் கிழிச்சு வைங்க. காந்தம் வச்ச குட்டி டிராவல் செட் வேணவே வேணாம், காந்தத்தை முழுங்கினா பெரிய ஆபத்து.)

செக்மேட்டுக்கு, அதாவது ராஜா தப்பிக்கவே முடியாம மாட்டிக்கிறதுக்கு, அவசரமே இல்ல. ஆரம்பத்துல ராஜாவையே வெட்டிட்டா ஜெயிச்ச மாதிரின்னு ஆடுங்க, ரூல்ஸ்படி தப்புதான், ஆனா ராஜா ஏன் ஓடணும்னு அப்பதான் உறைக்கும். அது பழகினதும் ரெண்டு யானையை வச்சு ராஜாவை வரிசை வரிசையா ஓரத்துக்குத் தள்ளுறதைக் காட்டுங்க. கேஸ்லிங், என் பாஸான்ட் மாதிரி ஸ்பெஷல் மூவ் எல்லாம் முழு ஆட்டம் பழகினப்புறம்.

வேணும்னே தோக்காதீங்க, பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அதுக்குப் பதிலா உங்க ராணியையும் ஒரு யானையையும் ஆட்டம் ஆரம்பிக்கும்போதே எடுத்து வெளிய வச்சுட்டு ஒழுங்கா ஆடுங்க, புள்ள நிஜமாவே ஜெயிக்க ஆரம்பிச்சதும் முதல்ல யானையைத் திருப்பி உள்ள கொண்டு வாங்க.