ஃபேக்டரி சர்வரில் குரூப் வழியாக ஃபோல்டர் அனுமதி கொடுக்கும் முறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் தேயிலை ஃபேக்டரிகளில் இலை வரவு, பட்டுவாடா, உற்பத்தி, ஏலம், சம்பளம் எல்லாம் ஒரே சர்வரில்தான் கிடக்கும். எடை போடுபவர் இலை வரவை எழுத வேண்டும். சம்பள ஃபைல் அவர் கண்ணில் படவே கூடாது. விண்டோஸ் சர்வரில் இதை ஒழுங்காகச் செய்ய அரை நாள் போதும்.

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் ஃபோல்டர்கள், மேலே வேலைகள், கட்டத்துக்குள் 'எழுத', 'பார்க்க' அல்லது வெற்று. டீமேக்கருக்கு (தூள் உற்பத்தியைக் கவனிப்பவர்) இலை வரவைப் பார்த்தால் போதும் என்பது போன்ற முடிவுகளை முதலாளியோ மேனேஜரோ எடுக்கட்டும்.

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'இலை_எழுத', 'இலை_பார்க்க' என இரண்டு குரூப் (ஒரே அனுமதி பெறும் ஆட்களின் பட்டியல்) போதும். டொமைன் (எல்லோருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால் இவற்றை 'டொமைன் லோக்கல்' வகை குரூப்பாக வைத்து, வேலை வாரியாக ஆட்களைச் சேர்த்த 'குளோபல்' வகை குரூப்பை உள்ளே சேருங்கள். டொமைன் இல்லையென்றால் சர்வரின் லோக்கல் குரூப்பில் ஆட்களை நேரடியாகச் சேருங்கள். லோக்கல் குரூப்புக்குள் இன்னொரு லோக்கல் குரூப்பை வைக்க முடியாது.

எல்லா ஃபோல்டருக்கும் தாயாக 'டேட்டா' என்று ஒன்றை உருவாக்குங்கள். அதன் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் இன்ஹெரிட்டன்ஸை (மேலிருந்து தானாக இறங்கும் அனுமதி) நிறுத்தி, இருக்கும் அனுமதிகளை மாற்றக்கூடியதாக வைக்க கன்வெர்ட் கொடுங்கள். பிறகு யூசர்ஸ், கிரியேட்டர் ஓனர் இரண்டையும் நீக்குங்கள். சிஸ்டத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கும் ஃபுல் கண்ட்ரோல் இருக்கட்டும். ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸுக்கு (லாகின் செய்த எல்லோரும்) ரீட் அண்ட் எக்சிக்யூட், அதாவது பார்க்கும் அனுமதி மட்டும், அதுவும் 'திஸ் ஃபோல்டர் ஒன்லி' என்று. இதைச் செய்துவிட்டால் உள்ளே புதிதாகப் போடும் எந்த ஃபோல்டரும் குரூப் சேர்க்கும் வரை பூட்டியே இருக்கும்.

அடுத்து 'டேட்டா'வை ஷேர் செய்யுங்கள். ஷேர் பெர்மிஷனில் எவ்ரிஒன் வேண்டாம். ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸுக்கு சேஞ்ச் கொடுங்கள். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி (செக்யூரிட்டி டேபில் கொடுப்பது) இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஷேரில் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தால், ஃபைலை உருவாக்கியவர் அதன் ஓனர் என்ற முறையில் தன் கம்ப்யூட்டரில் இருந்தே அனுமதிகளை மாற்றிவிடலாம். சேஞ்ச் அதைத் தடுத்துவிடும்.

இனி 'இலை வரவு' ஃபோல்டர். 'இலை_பார்க்க' குரூப்புக்கு ரீட் அண்ட் எக்சிக்யூட். 'இலை_எழுத' குரூப்புக்கு இரண்டு வரியாகக் கொடுங்கள்: 'சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் ஒன்லி' என்று மாடிஃபை (எழுத, மாற்ற, அழிக்க), 'திஸ் ஃபோல்டர் ஒன்லி' என்று ரீட் அண்ட் எக்சிக்யூட்டோடு ஃபைல், ஃபோல்டர் உருவாக்கும் உரிமை. ஒரே வரியில் மாடிஃபை கொடுத்தால் அந்த ஃபோல்டரையே அழிக்கும் உரிமையும் சேர்ந்து போகும். மவுஸ் கொஞ்சம் வழுக்கினால் 'இலை வரவு' முழுவதும் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். பட்டுவாடா நாளில் தேடி அலைய வேண்டியதுதான்.

டினை (அனுமதியை நேரடியாக மறுக்கும் வரி) பக்கமே போகாதீர்கள். இரண்டு குரூப்பில் இருப்பவருக்கு ஒன்றில் டினை இருந்தால் மற்றதில் கொடுத்ததும் பெரும்பாலும் செல்லாது. பிறகு காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குரூப்பில் சேர்க்காமல் விட்டாலே போதும். பார்க்க முடியாத ஃபோல்டரின் பெயரும் தெரியக்கூடாது என்றால் சர்வர் மேனேஜரில் அந்த ஷேரின் செட்டிங்ஸில் ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷனை டிக் செய்யுங்கள்.

குரூப்பில் சேர்த்த பிறகும் 'ஆக்சஸ் டினைடு' வந்தால் முதலில் லாக் ஆஃப் செய்து திரும்ப வரச் சொல்லுங்கள். லாகின் ஆகும்போதுதான் குரூப் விவரம் பதிவாகிறது. அதற்கும் சரியாகாவிட்டால் ஃபோல்டரின் அட்வான்ஸ்டில் எஃபெக்டிவ் ஆக்சஸ் டேபில் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஃபைல் மட்டும் திறக்கவில்லையா? வேறு ஃபோல்டரில் இருந்து கட் செய்து ஒட்டியிருப்பார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே வரும். காப்பி செய்தால் புதிய இடத்தின் அனுமதி கிடைக்கும். அந்த ஃபோல்டரின் அட்வான்ஸ்டில் 'ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்' கொடுத்தால் சரியாகும்.

அனுமதிப் பட்டியலில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று நீண்ட எண் தெரிந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு நேரடியாக அனுமதி கொடுத்து, பிறகு அவர் அக்கவுண்டை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வரியை நீக்கிவிட்டு, அவர் வேலையைப் பார்ப்பவரைக் குரூப்பில் சேருங்கள்.